பட்டியலில் சேராத படம்

அந்தப் பேருந்துப் பணிமனையில் மேலாளர் முதல் வண்டி கழுவுகிறவர் வரைக்கும் அவரை ‘ஸ்டோர்’ என்றுதான் கூப்பிட்டார்கள். உதிரிபாகக் கிடங்கின் கம்பி ஜன்னலுக்குப் பின்னால் இருபத்தாறு வருடம் உட்கார்ந்த ஆளுக்கு வேறு என்ன பெயர் நிலைக்கும்? பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் பத்திரமாக இருந்தது. வீட்டுக்குப் போன் பண்ணுகிற மெக்கானிக்குகள்கூட அவர் மனைவியிடம், “ஸ்டோர் இருக்காரா?” என்றுதான் கேட்பார்கள்.

கிடங்கில் நாலாயிரத்துச் சொச்சம் சாமான்கள் இருந்தன. எது எந்த அடுக்கில், எத்தனையாவது பெட்டியில் என்பது அவர் வாயில் இருந்தது. எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்து வைத்தார்கள். அது கண் விழிப்பதற்குள் இவர் சாமானை எடுத்து ஜன்னல் பலகையில் வைத்துவிடுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருக்கட்டுமே, மனுஷனுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

அவர் ஒரு முறை வைத்திருந்தார். பெயர் ஒரே மாதிரி ஒலிக்கிற இரண்டு சாமான்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைக்கவே மாட்டார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவர் ஆக்சில் சீல் கேட்க, ஆயில் சீலை எடுத்துக் கொடுத்து, ஒரு வண்டி இரண்டு நாள் படுத்துவிட்டது. அன்றைக்கு ஒன்றை வடக்குச் சுவருக்கும் இன்னொன்றைத் தெற்குச் சுவருக்கும் அனுப்பினார். கால் நடக்கிற தூரத்தில் புத்தி தெளிந்துவிடும் என்பது அவர் கணக்கு. மற்ற பணிமனைகளிலிருந்து வந்து அதைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

இத்தனை விவரமான மனுஷன் வீட்டில் என்ன செய்தார் தெரியுமா? மூத்த பெண்ணுக்கு ஆசை ஆசையாக ஒரு பெயர் வைத்தார். நாலு வருடம் கழித்து இளையவள் பிறந்தபோது அந்தப் பெயரை விட மனசில்லாமல், நடுவில் ஒரே ஒரு எழுத்தை மாற்றி அதையே அவளுக்கும் வைத்தார்.

“கூப்பிடும்போது குழம்புமேங்க,” என்றாள் மனைவி.

“நாலாயிரம் சாமானை வாயில வச்சிருக்கிறவனுக்கு ரெண்டு பொண்ணுங்க பேரு குழம்புமா?”

குழம்பியது. பெரியவளை எப்போதும் சரியாகக் கூப்பிட்டுவிடுவார். சின்னவளைக் கூப்பிட வாயைத் திறந்தால் முதலில் பெரியவளின் பெயர் வந்து விழும். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு சின்னவளின் பெயரைச் சொல்வார். பதினேழு வருடமாக இதே கதை. சின்னவள் குழந்தையாக இருந்தபோது கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்து பார்த்தாள். பிறகு அவளே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். முதல் பெயர் காதில் விழுந்தால் அசைய மாட்டாள், இரண்டாவது வந்ததும் எழுந்து வருவாள். அந்த வீட்டில் அது ஒரு நிரந்தரச் சிரிப்பு.

சிரிப்பு நின்றது ஒரு திங்கட்கிழமை. பழைய மெக்கானிக் ஒருவர், இவரோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர், ஜன்னலில் வந்து ஹோஸ் கிளிப் கேட்டார். இவர் உள்ளே போய் ஹார்ன் ரிலேயை எடுத்துவந்து பலகையில் வைத்தார்.

“நான் கேட்டது ஹோஸ் கிளிப்பு, ஸ்டோரு.”

“அதைத்தானே வச்சிருக்கேன்.”

மெக்கானிக் பலகையைப் பார்த்தார், இவர் முகத்தைப் பார்த்தார். இவரும் பலகையைப் பார்த்தார். “தூக்கம் சரியில்லப்பா,” என்று சொல்லிச் சமாளித்தார். அந்த வாரத்தில் மட்டும் இன்னும் மூன்று தடவை அப்படி ஆனது. யாருக்கும் தெரியக் கூடாதென்று துண்டுச் சீட்டில் பெயர்களை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அடுக்குகளுக்கு நடுவே போய் நின்று, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு சீட்டைப் பிரிப்பார்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், எதிரே ஆணியில் தொங்குகிற ஃபேன் பெல்ட்டைக் காட்டிக்கொண்டு நின்றார். “அது... அது சுத்துமே... இன்ஜின் முன்னால சுத்துமே...” என்றார். மேலே வார்த்தை வரவில்லை. அந்தப் பழைய மெக்கானிக் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்துவிட்டு, வீட்டுக்குப் போன் பண்ணினார்.

இடது காதுக்கு மேலே, மண்டைக்குள் ஒரு கட்டி. ஸ்கேன் படத்தில் அது வெள்ளையாகத் தெரிந்தது. அறுவை டாக்டர் சுருக்கமாகப் பேசுகிற பெண்மணி.

“எடுத்துத்தான் ஆகணும். ஆனா அது உக்காந்திருக்கிறது பேச்சு இருக்கிற இடத்துல. உங்களை முழுசாத் தூங்க வச்சு எடுத்தா, நான் எதை வெட்டுறேன்னு எனக்குத் தெரியாது. நடுவுல எழுப்புவோம். நீங்க பேசிக்கிட்டே இருக்கணும்.”

“மண்டை திறந்திருக்கும்போதா?”

“வலிக்காது.”

“வலியை யாரு கேட்டா, டாக்டர்?” என்றார். பக்கத்தில் மனைவி கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் பேச்சுப் பயிற்சியாளரிடம் அனுப்பினார்கள். முப்பது வயதுகூட இருக்காது அந்தப் பெண்ணுக்கு. கையில் ஒரு பெரிய திரை, அதில் படங்கள். குடை, நாற்காலி, கத்தரிக்கோல். ஒவ்வொரு படத்துக்கும் நாலு நொடிக்குள் பெயர் சொல்ல வேண்டும். ஆபரேஷன் அன்றைக்கும் இதே படங்கள்தான். டாக்டர் மூளையில் ஒரு இடத்தில் லேசாகக் கரண்ட் வைப்பார். அந்த நேரத்தில் பெயர் நின்றுபோனால் அந்த இடத்தில் கத்தி வைக்க மாட்டார்.

“என் சாமானையும் சேத்துக்கோங்கம்மா,” என்றார் இவர். வாஷர், பேரிங், கிளட்ச் பிளேட் எல்லாவற்றையும் மெக்கானிக் போனில் படம் எடுத்து அனுப்பினார். வீட்டு ஆட்களின் படங்களைப் பெரியவள் கொடுத்தாள்.

அந்தப் பெண்ணிடம் அவருக்குப் பயமில்லாமல் பேச வந்தது. தன் கிடங்கு முறையைச் சொல்லிக் காட்டினார். அவள் சிரித்தாள்.

“மூளை அதுக்கு நேர் எதிரா வச்சிருக்கும், சார். ஒரே மாதிரி ஒலிக்கிறதெல்லாம் பக்கத்துல பக்கத்துல. ஒரே குடும்பமும் பக்கத்துல. ஒண்ணை இழுத்தா பக்கத்துல இருக்கிறதும் கூடவே அசையும். எல்லாருக்கும் அப்படித்தான். எங்கம்மா என்னைக் கூப்பிடணும்னா எங்க சித்தி பேரைச் சொல்லிட்டுத்தான் என்கிட்ட வருவாங்க.”

“எந்த மடையன் அடுக்கி வச்சான் அதை?”

“அதுலயும் ஆள் பேருதான் ரொம்ப மெல்லிசு. குடைன்னா மழை, துணி, கம்பின்னு பத்துப் பக்கமும் பிடி இருக்கு. ஆள் பேருக்கு ஒரே ஒரு பிடிதான். அது நழுவிட்டா அவங்களப் பத்தி எல்லாம் தெரியும், பேரு மட்டும் வராது.”

அவளுக்கு ஒரு கண்டிப்பான விதி இருந்தது. மூன்று சுற்றிலும் தடங்கலில்லாமல் சரியாகச் சொன்ன படம் மட்டும்தான் பட்டியலில் ஏறும். ஒரு தடவை பிசகினாலும் எடுத்துவிடுவாள். “நீங்க வழக்கமாவே தப்பாச் சொல்ற படம்னா, அன்னைக்குத் தப்பு வந்தது கரண்டாலயா பழக்கத்தாலயான்னு எங்களுக்குத் தெரியாமப் போயிடும்.” நியாயம்தானே. கட்டியின் உபயத்தில் முப்பது நாற்பது படங்கள் விழுந்தன. வாஷர் தேறியது. மனைவி தேறினாள், மெக்கானிக் தேறினார், பெரியவள் தேறினாள். சின்னவளின் படம் வந்தது. இவர் பெரியவளின் பெயரைச் சொல்லி, நாக்கைக் கடித்துக்கொண்டு, சின்னவளின் பெயரைச் சொன்னார்.

அந்தப் பெண் திரையைத் தொட்டாள். சின்னவளின் படம் மறைந்தது.

“அதை எங்கம்மா அனுப்பிட்டீங்க?”

“எடுத்துட்டேன், சார்.”

“பட்டியல்ல இல்லாதது என்ன ஆகும்?”

அவள் பொய் சொல்லத் தெரியாதவள். “பக்கத்துல இருக்கிறதெல்லாம் தப்பிச்சா அதுவும் பெரும்பாலும் தப்பிச்சிடும். ஆனா நாங்க சோதிச்சுப் பாக்காத ஒண்ணுக்கு உறுதி சொல்ல முடியாது.”

அன்றிலிருந்து அவருடைய பயத்துக்கு ஒரு முகம் வந்துவிட்டது. சாவைப் பற்றிய பயம்கூடப் பின்னால் போய்விட்டது. மண்டைக்குள் கத்தி போகும். வாஷருக்குக் காவல் இருக்கும், குடைக்குக் காவல் இருக்கும், கத்தரிக்கோலுக்குக்கூட இருக்கும். பெற்ற பெண்ணின் பெயர் மட்டும் கேட்பாரில்லாமல் கிடக்கும். கிடங்கில் எடுத்த ஜாக்கிரதையை வீட்டில் எடுக்காத தன்னையே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டார்.

“இன்னும் ரெண்டு சுற்றுல சரியாச் சொன்னா திருப்பிச் சேத்துக்குவீங்களாம்மா?” என்று கெஞ்சினார். விதியில் அதற்கு இடமில்லை. ஆனாலும் அவள் தலையாட்டினாள்.

ஆபரேஷனுக்கு எட்டு நாள் இருந்தது. குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு சின்னவளின் படத்தைப் பார்த்துச் சொல்லிச் சொல்லிப் பார்ப்பார். வெளியே துணி மடிக்கிற மனைவிக்குக் கேட்கும். பெரியவளின் பெயர், ஒரு அடி விழுகிற சத்தம், சின்னவளின் பெயர். அடி அவர் தன் தொடையில் அறைந்துகொள்வது. சாயங்காலங்களில் சின்னவளே எதிரே வந்து உட்காருவாள்.

“மெதுவாச் சொல்லுங்கப்பா. அவசரமே இல்ல.”

அவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்ப்பார். பெரியவளின் பெயர் வந்து விழும். ஜாக்கிரதையாக இருக்க இருக்க அது இன்னும் வேகமாக வந்தது. பக்கத்து அறையிலிருந்து பெரியவள், “நான் வேணும்னா கொஞ்ச நாளைக்கு வேற பேரு வச்சுக்கட்டுமாப்பா?” என்று குரல் கொடுப்பாள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. சின்னவளுக்கு மட்டும் கண் கலங்கும், அதைக் காட்டிக்கொள்ளாமல், “இன்னொரு தடவை,” என்பாள்.

இரண்டாவது சுற்றில் ஒரு தந்திரம் செய்து பார்த்தார். முதல் பெயரை வாய்க்குள்ளேயே விழுங்கிவிட்டு இரண்டாவதை மட்டும் வெளியே விட நினைத்தார். விழுங்குவதற்குள் நாலு நொடி முடிந்துவிட்டது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மூன்றாவது சுற்று. மனைவியும் இரண்டு பெண்களும் பின்னால் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். சின்னவளின் படம் திரையில் வந்தது. அவர் நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தார். பெரியவளின் பெயர் வந்தது. உடனே சின்னவளின் பெயரும் வந்தது.

பயிற்சியாளர் திரையைத் தொடப் போனாள். இவர் சட்டென்று அவள் கைக்கும் திரைக்கும் நடுவே தன் கையை வைத்தார். “வேண்டாம்மா,” என்றார். பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அந்தக் கம்பி ஜன்னலுக்குப் பின்னால் மற்றவர்களை அதட்டியே பழகிய மனுஷன், தோள் குலுங்க அழுததை அந்தப் பெண்கள் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

சின்னவள் எழுந்து வந்தாள்.

“மேடம், எங்கப்பா அதைத் தப்பாவே சொல்லல.”

“இல்லம்மா, நான் கேட்டேனே...”

“நான் பொறந்ததுலேருந்து என்னை இப்படித்தான் கூப்பிடுறாரு. மொதல்ல அக்கா பேரு, அடுத்து என் பேரு. ஒரு நாள்கூட மாத்திக் கூப்பிட்டதில்ல. வேற யாரையும் இப்படிக் கூப்பிடுறதும் இல்ல. அப்போ அவருக்கு என் பேரு அதுதான். ரெண்டையும் சேத்து எழுதிக்கோங்க. அதுல ஒண்ணு குறைஞ்சா தப்புன்னு வச்சுக்கோங்க.”

பயிற்சியாளர் மற்ற படங்களுக்கு நடுவே சின்னவளின் படத்தைக் கலந்துவிட்டு ஆறு தடவை காட்டினாள். ஆறு தடவையும் இரண்டு பெயரும் அதே வரிசையில், நாலு நொடிக்குள், பிசகாமல் வந்தன. “ஒரே மாதிரி வருது. எனக்கு அது போதும்,” என்று பட்டியலில் எழுதினாள். டாக்டரிடமும் போய்ச் சொன்னாள். டாக்டர் இவரைக் கூப்பிட்டு, “முடிவெடுக்க வேண்டிய இடம் வந்தா உங்ககிட்டயே கேப்பேன். தயாரா இருங்க,” என்றார். இவர் தலையாட்டினார். எதற்குத் தயாராக இருப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

காலையில் எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். கண் விழித்தபோது தலையை அசைக்க முடியவில்லை, எதிலோ முடுக்கி வைத்திருந்தார்கள். முகத்துக்கு மேலே பச்சைத் துணி கூடாரம் மாதிரி இறங்கியிருந்தது. அதன் வாசலில் பயிற்சியாளரின் முகமும் திரையும். பின்னால், தன் தலைக்குள்ளேயே, யாரோ நடமாடுகிற மாதிரி சத்தம். ஓடிவிடலாம் என்று தோன்றியது, கால் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை.

“நான் இங்கதான் இருக்கேன், சார். ஆரம்பிக்கலாமா?”

குடை என்றார். நாற்காலி என்றார். மனைவியின் பெயரைச் சொன்னார். பேரிங் என்றார். ஒரு இடத்தில் கத்தரிக்கோலைப் பார்த்துக் ‘கரண்டி’ என்றார், உடனே பின்னாலிருந்து, “இந்த இடத்தைத் தொட மாட்டேன்,” என்று டாக்டரின் குரல் வந்தது. ஒரு மணி நேரம் அப்படியே போனது. தொண்டை வறண்டது, பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தார்கள். கட்டி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டிருந்தது.

அப்புறம் சின்னவளின் படம் வந்தது.

பெரியவளின் பெயரைச் சொன்னார். அடுத்ததைச் சொல்ல வாயைத் திறந்தார். அங்கே ஒன்றும் இல்லை. இருட்டில் படி இருக்கிறதென்று நினைத்துக் காலை வைத்து, படி இல்லாமல் போன மாதிரி இருந்தது. அவளை அவருக்குத் தெரிந்தது. இடது கையால் எழுதுகிறவள். தன் முடியைத் தானே வெட்டிக்கொண்டு அம்மாவிடம் திட்டு வாங்கினவள். நேற்று எழுந்து வந்து பேசினவள். எல்லாம் தெரிந்தது, பெயர் மட்டும் எங்கேயும் இல்லை. மானிட்டரில் அவருடைய இதயம் எகிறி அடிப்பது அவருக்கே கேட்டது. கத்த நினைத்தார், கத்துவதற்கும் அந்தப் பெயர்தான் வேண்டியிருந்தது.

“நின்னுடுச்சு,” என்றாள் பயிற்சியாளர்.

கரண்டை எடுத்தார்கள். பெயர் ஓடி வந்து வாயில் விழுந்தது. அதை நாலைந்து தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மறுபடியும் அதே இடத்தில் வைத்துப் பார்த்தார்கள். குடை வந்தது, வாஷர் வந்தது, பெரியவள் வந்தாள். சின்னவளின் படத்துக்கு முதல் பெயர் வந்து, இரண்டாவது நின்றது. மூன்றாவது தடவையும் அப்படியே.

டாக்டர் குனிந்து பேசினார். “இதுக்குக் கீழ இன்னும் கொஞ்சம் கட்டி இருக்கு. பட்டாணி அளவு. மத்ததெல்லாம் எடுத்தாச்சு. இங்க நிக்கிறது அந்த ஒரு படம் மட்டும்தான். எடுத்துட்டா கட்டி முழுசாப் போகும், அந்தப் பேரும் போயிடலாம். விட்டா, அது திரும்ப வளரலாம். என்ன செய்யட்டும்?”

அவர் தைரியசாலி இல்லை. சின்ன வயதில் ஊசிக்குப் பயந்து பரண்மேல் ஏறி ஒளிந்த ஆள். அந்தப் பட்டாணி வளர்ந்து தன்னைத் தின்றுவிடும் என்று பயந்தார். எடுத்துவிடுங்கள் என்று சொல்ல நாக்கு துடித்தது. அவருக்கு எதிரே திரையில் சின்னவள் இன்னும் இருந்தாள்.

“விட்டுடுங்க, டாக்டர்.”

“யோசிச்சுத்தான் சொல்றீங்களா?”

“விட்டுடுங்க. சீக்கிரம் மூடுங்க. எனக்குப் பயமா இருக்கு.”

நாலாவது நாள் டாக்டர் வார்டுக்கு வந்து, வீட்டு ஆட்கள் மூன்று பேரையும் நிற்க வைத்து எல்லாவற்றையும் சொன்னார். மருந்து எவ்வளவு நாள், ஸ்கேன் எப்போது, கொஞ்சம் ஏன் மிச்சம் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அது எப்போது வேண்டுமானாலும் வளரலாம், வளராமலும் இருக்கலாம் என்றார். மனைவி ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டாள்.

அம்மாவும் அக்காவும் மருந்து வாங்கக் கீழே போனதும் சின்னவள் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவர் தலையில் பெரிய கட்டு. பேச்சு வந்தது, ஆனால் ஒவ்வொரு வார்த்தைக்கும் கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருந்தது.

“நான் அன்னைக்கு வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும்,” என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார்.

“பட்டியல்ல நான் இல்லாம இருந்திருந்தா முழுசா எடுத்திருப்பாங்க. என் பேருக்காகப் போய் அதை உள்ள வச்சிருக்கீங்க. அது வளந்தா நான் என்னப்பா பண்ணுவேன்?” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அக்கா பேரைச் சொல்லியே என்னைக் கூப்பிட்டிருக்கலாமே. நான் வந்திருப்பேனே.”

அவர் கையை நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள். வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துச் சொன்னார்.

“நீ வந்திருப்பம்மா. ஆனா நான் கூப்பிட்டது உன்னையா இருக்காதே.”